அலுமினியம் வெட்ட மிஸ்ட் கூலிங்: காற்று நிறைய, எண்ணெய் கொஞ்சம்

வீட்டு சிஎன்சி மெஷினில், அதாவது கணினிக் கட்டளையில் ஓடும் வெட்டு மெஷினில், கட்டரில் அலுமினியம் ஒட்டத் தொடங்கினால் முதலில் சத்தம்தான் மாறும். அதுவரை சீராக இரைந்துகொண்டிருந்த ஸ்பிண்டில், கட்டரைச் சுழற்றும் மோட்டர், திடீரென்று கீச்சிடும், அடுத்த நொடி முனகும். அந்த முனகலுக்கும் கட்டர் முறிவதற்கும் இடையில் எனக்கு மூன்று விநாடிகூடக் கிடைக்கவில்லை. திருகோணமலைத் திருக்கடலூரில் இருக்கும் ஓர் அண்ணனின் ஃபைபர் போட்டுக்கு, விளக்குக் கம்பத்தைப் பிடிக்கும் கிளாம்ப் செய்துகொண்டிருந்தேன். 10 மில்லிமீற்றர் தகடு, 6 மில்லிமீற்றர் கட்டர். முறிந்த துண்டை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, கட்டரின் பள்ளம் முழுக்க ஈயம் ஊற்றி அடைத்ததுபோல் அலுமினியம் ஏறியிருந்தது. வெட்டும் விளிம்பே வெளியில் தெரியவில்லை.

அலுமினியம் உருக 660 பாகை செல்சியஸ் வேண்டும். ஆனால் கட்டரில் ஒட்டுவதற்கு அது உருகத் தேவையில்லை. இப்போதுதான் சீவப்பட்ட உலோகம், காற்றுப் படாத புது முகத்தோடு, சூடான விளிம்பில் அழுத்தப்பட்டால் அப்படியே பற்றிக்கொள்ளும். ஒரு துணுக்கு ஒட்டியதும் அதன்மேல் அடுத்தது ஏறும். பள்ளத்தில் சீவல் வெளியேறாமல் கிடந்தால் கட்டர் அதையே திரும்பத் திரும்ப மென்று சூட்டை ஏற்றும். ஆகவே நமக்கு மூன்று வேலை ஆக வேண்டும்: விளிம்பில் ஒரு வழுவழுப்பு, சீவலை வெளியே தள்ளுதல், சூட்டைக் கொண்டுபோதல். பெரிய தொழிற்சாலை மெஷினில் குளிர்விக்கும் திரவமான கூலண்டை அருவிபோல் ஊற்றி மூன்றையும் ஒரேயடியாக முடிப்பார்கள். நம் வீட்டு மெஷினில் அப்படி ஊற்ற முடியாது. கீழே மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎப் பலகை, பக்கத்தில் மின்பெட்டி, மெஷின் நகரும் மூடி இல்லாத ரெயில். அதற்குத்தான் மிஸ்ட்: வேகமான காற்று, அதற்குள் மிகக் கொஞ்சம் திரவம்.

இதில் பலரும் பிழை விடுவது ஒரே இடத்தில்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். குளிர்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் நிறையத் தண்ணீர் வேண்டும் என்று மனம் நினைத்துவிடுகிறது. வீட்டு மெஷினில் பெரும்பாலான வேலையைச் செய்வது காற்று. அது சீவலைப் பள்ளத்திலிருந்து தூக்கி எறிகிறது. சூட்டின் பெரும்பங்கு சீவலோடுதான் இருப்பதால், சீவல் போனால் சூடும் போகிறது. எண்ணெய் செய்ய வேண்டியது விளிம்பை நனைப்பது மட்டும். அதற்கு மணித்தியாலத்துக்கு 30 மில்லிலீற்றர் போதும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் ஒவ்வொரு செட்டிங்கும் தானாக விளங்கும்.

கொம்பிரசரும் துளையும்

என்னிடம் இருப்பது 2 குதிரைவலு, 50 லீற்றர் தாங்கி உள்ள சாதாரண கொம்பிரசர். முதலில் வாங்கிய மிஸ்ட் முனையின் காற்றுத் துளை 2 மில்லிமீற்றர். கொம்பிரசர் நிற்கவே இல்லை. அரை மணித்தியாலத்தில் தலைப்பகுதியில் கை வைக்க முடியாத சூடு. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2 பார் அழுத்தத்தில் 2 மில்லிமீற்றர் துளை நிமிடத்துக்கு ஏறத்தாழ 110 லீற்றர் காற்றைக் குடிக்கிறது. இந்த அளவு கொம்பிரசர் உண்மையில் தருவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். பெட்டியில் எழுதியிருக்கும் 200 லீற்றர், உள்ளே இழுக்கும் காற்றின் கணக்கு. வெளியே வருவது அதைவிட நன்றாகக் குறையும்.

துளையின் விட்டத்தைப் பாதியாக்கினால் பரப்பு கால்வாசியாகும், காற்றுச் செலவும் கால்வாசி. 1 மில்லிமீற்றர் துளை 2 பாரில் நிமிடத்துக்கு 27, 28 லீற்றர்தான் எடுக்கும். அப்படியானால் மோட்டர் கால்வாசி நேரம் ஓடி, மீதி நேரம் ஆறும். முனை வாங்கும்போது துளையின் அளவைக் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் 1 மில்லிமீற்றர் டிரில் பிட் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் விட்டுப் பாருங்கள். பெரிய தாங்கி வாங்கினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். 50 லீற்றர் தாங்கி 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்கும்போது வெளியே விடுவது 100 லீற்றர் காற்றுத்தான். இரண்டு மணித்தியால வேலைக்கு அது எந்த மூலைக்கு? துளையைச் சிறிதாக்குவதுதான் வழி.

கொம்பிரசரை நான் வீட்டின் பின்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே வைத்து, 8 மில்லிமீற்றர் ரியூப்பில் காற்றை உள்ளே கொண்டுவருகிறேன். சத்தமும் குறைவு, சூடும் வெளியே. ரியூப் மெஷினுக்கு வந்து சேரும் இடத்தில் முதலில் நீர்பிடிப்பான், அதற்கடுத்து அழுத்தத்தைக் குறைத்து வைக்கும் ரெகுலேற்றர், அதற்கடுத்து ஒரு சிறிய திருகு வால்வு. நீர்பிடிப்பானைத் தவிர்க்க வேண்டாம். எங்கள் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு, வாடை மழை தொடங்கினால் கேட்கவே வேண்டாம். மார்கழியில் ஒரு நாள் வேலை முடித்துத் தாங்கியின் அடித் திருகைத் திறந்தேன். தேநீர்க் கோப்பை நிறையும் அளவு தண்ணீர், துரு கலந்து பழுப்பாக வந்தது. நீர்பிடிப்பான் இல்லாவிட்டால் அதில் ஒரு பங்கு நேரே ரெயிலிலும் போல்ட்டிலும் போய் விழும். கடற்கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றும் துருவும் என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சேலைன் செட்: நான் கண்ட நல்ல வழி

மலிவான முனைகளில் திரவத்துக்கு ஒரு சிறிய திருகு இருக்கும். கொஞ்சம் திறந்தால் ஒன்றும் வராது, இன்னும் ஒரு நூல் திறந்தால் கொட்டும். எவ்வளவு போகிறது என்று கண்ணுக்குத் தெரியவும் மாட்டாது. இரண்டு மாதம் இதோடு மல்லுக்கட்டிய பிறகு, பார்மசியில் விற்கும் சேலைன் ஏற்றும் செட் ஒன்றை வாங்கி வந்தேன். அதில் சொட்டு விழும் கண்ணாடிபோன்ற கூடும், விரலால் உருட்டும் கிளாம்பும் உண்டு. பொதுவாகக் கிடைக்கும் செட்டில் 20 சொட்டு ஒரு மில்லிலீற்றர். நிமிடத்துக்கு 10 சொட்டு என்றால் அரை மில்லிலீற்றர், மணித்தியாலத்துக்கு 30. சவர்க்காரத் தன்மை உள்ள திரவத்தில் சொட்டு சற்றுச் சிறிதாக விழும், அதனால் 12 சொட்டு வைக்கிறேன். மணிக்கூட்டைப் பார்த்து எண்ணலாம். இதைவிட நேர்மையான அளவு எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

பூட்டும் விதத்தில்தான் நுணுக்கம். முனையில் காற்று வேகமாகப் பாயும்போது திரவ ரியூப்பின் வாயில் உறிஞ்சல் உண்டாகிறது. அந்த உறிஞ்சலால் மட்டும் திரவம் வரவேண்டும், தன் பாரத்தால் வரக்கூடாது. ஆகவே போத்தலைத் தலைகீழாகத் தொங்கவிட்டாலும், அதிலுள்ள திரவ மட்டம் முனையின் வாயைவிட ஒரு சாண் கீழே இருக்க வேண்டும். ஸ்பிண்டில் கீழிறங்கும்போது முனையும் சேர்ந்து இறங்கும் என்பதை மறக்காதீர்கள். இசட் அச்சை அடி மட்டத்துக்கு இறக்கி வைத்துவிட்டு அந்த உயரத்தை அளக்க வேண்டும். என் மெஷினில் போத்தல் மேசையின் ஓரத்தில், பலகை மட்டத்துக்குக் கீழே தொங்குகிறது. ரியூப் கீழே போய், வளைந்து மேலேறி முனைக்குப் போகிறது. காற்று ஓடினால் சொட்டு விழும், காற்று நின்றால் சொட்டும் நிற்கும். போத்தலுக்குள் காற்றுப் போக மேலே ஓர் ஊசித் துளை வேண்டும். அது இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் சொட்டு நின்றுவிடும், நீங்கள் முனையைக் கழற்றித் தேடிக்கொண்டிருப்பீர்கள். செட்டின் ரியூப் எண்ணெயில் நாளடைவில் கடினமாகும். கடினமானதும் மாற்றிவிடுங்கள்.

என்ன ஊற்றுவது

என் அம்மப்பா, 1957இல் ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும்வரை, டொக்யார்ட்டில் லேத் வேலை செய்தவர். பிறகு வீட்டோடு சிறிய பட்டறை வைத்திருந்தார். மண்ணெண்ணெய் ஊற்றிய ஒரு பால்மா ரின், அதில் நனைந்த பழைய தூரிகை, அதுதான் அவருடைய கூலண்ட். "அலுமினியத்துக்கு மண்ணெண்ணெயைத் தொட்டுத் தொட்டுக் காட்டோணும் தம்பி, கண்ணாடி மாதிரி வரும்" என்பார். உண்மைதான், தூரிகையால் தொட்டு வெட்டினால் முகம் பளபளக்கும். ஆனால் அதே மண்ணெண்ணெயை மிஸ்ட் முனையில் ஊற்றக்கூடாது. தூவலாகக் காற்றில் கலந்தால் ஒரு சிறு பொறியில் தீப்பிடிக்கும், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். ஸ்பிரிட், ஐசோபுரொப்பைல் அல்ககோல் ஆகியவற்றுக்கும் இதே கதை. அவை நன்றாகக் குளிர்விக்கும், கறையில்லாமல் ஆவியாகும். ஆனால் பொறி பறக்கும் பிரஷ் மோட்டர் உள்ள ரவுட்டர் பக்கத்தில் அதைத் தூவ நான் ஒருக்காலும் சம்மதிக்க மாட்டேன்.

தேங்காய் எண்ணெய்? மரை போடும்போது, துளையிடும்போது ஒரு துளி விட்டால் அருமையாக வேலை செய்யும், நான் இன்றும் பாவிக்கிறேன். மிஸ்ட்டில் வேண்டாம். 24 பாகை அளவில் உறையத் தொடங்கும் எண்ணெய் அது. தை மாத விடிகாலையில் மெல்லிய ரியூப்புக்குள் கெட்டியாகிவிட்டால் கட்டர் முறியும் வரைக்கும் உங்களுக்குத் தெரியாது.

நான் பாவிப்பது தண்ணீரில் கரையும் கட்டிங் ஒயில், 5 சதவீதம். 950 மில்லிலீற்றர் தண்ணீரில் 50 மில்லிலீற்றர் ஒயில். தண்ணீரை முதலில் எடுத்து அதில் ஒயிலை விட்டுக் கலக்க வேண்டும். ஒயிலில் தண்ணீரை ஊற்றினால் கட்டிகட்டியாகத் திரிந்துவிடும். அலுமினியத்துக்கு ஏற்றது என்று போத்தலில் எழுதியிருக்க வேண்டும். காரம் கூடிய ஒயில் அலுமினியத்தில் கருமை ஏற்றும். பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலக்கலாம் என்பவர்களைக் கேட்காதீர்கள். அவற்றில் பலவற்றில் உப்பு சேர்ப்பது வழக்கம், அது இரும்பைத் தின்னும்.

அடுத்தது தண்ணீர். உப்புவெளி என்ற எங்கள் ஊர்ப் பெயரே நிலத்தைப் பற்றிச் சொல்லிவிடும். கிணற்றுத் தண்ணீரில் கலந்தபோது இரண்டாம் நாளே மேலே வெள்ளை ஆடை படிந்து, கீழே தண்ணீர் தெளிந்து பிரிந்துவிட்டது. கடின நீரில் உள்ள கல்சியம் ஒயிலின் சவர்க்காரத்தோடு சேர்ந்து அப்படிச் செய்கிறது. சவர்க்காரம் நுரைக்காத தண்ணீரில் இதுவும் கலக்காது. இப்போது பெற்றோல் ஷெட்டில் விற்கும் பற்றரித் தண்ணீர்தான் எடுக்கிறேன். மணித்தியாலத்துக்கு 30 மில்லிலீற்றர் செலவில் ஒரு போத்தல் மாதக்கணக்கில் போதும். ஆனால் கலந்ததை மாதக்கணக்கில் வைக்காதீர்கள், இரண்டு மூன்று கிழமையில் கிருமி சேர்ந்து நாறும். கால் லீற்றராகக் கலந்து முடியுங்கள்.

முனையை எங்கே காட்டுவது

முனை ஸ்பிண்டிலோடு சேர்ந்து நகர வேண்டும். மேசையில் காந்தம் வைத்து நிறுத்தினால், கட்டர் அரைச் சாண் தள்ளிப் போனதும் காற்று வெறுமனே தகட்டில் அடிக்கும். ஸ்பிண்டில் தாங்கியில் ஒரு சிறிய அலுமினியப் பட்டையைப் பூட்டி, அதில் முனையைக் கட்டினேன். கட்டரின் நுனியிலிருந்து 30 மில்லிமீற்றர் தூரம், ஏறத்தாழ 40 பாகை சரிவு. தகட்டின் மேற்பரப்பைக் குறிவைக்காமல், கட்டர் தகட்டுக்குள் நுழையும் இடத்தைக் குறிவையுங்கள். ஆழமான பொக்கெற், அதாவது குழி, என்றால் இன்னும் செங்குத்தாக்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்புச் சுவர் காற்றை மறைக்கும். முடிந்தால் எதிர்ப்பக்கம் வெறும் காற்று முனை ஒன்று போடுங்கள். கட்டர் எந்தத் திசையில் போனாலும் சீவல் தங்க இடமிருக்காது.

வெட்டத் தொடங்குமுன் ஒரு சோதனை. பழைய அட்டைப் பெட்டியின் ஒரு துண்டை முனைக்கு முன்னால் 30 மில்லிமீற்றரில் ஐந்து விநாடி பிடியுங்கள். அட்டையில் ஊசிமுனைப் புள்ளிகள் விழுந்து, நடுவில் மட்டும் சற்று நிறம் மாற வேண்டும். நீர் வழிந்தால் திரவம் கூடிவிட்டது. ஒன்றுமே தெரியாவிட்டால் கிளாம்பைக் கால் உருட்டு திறவுங்கள். பிறகு மின்விளக்கை அணைத்துவிட்டு ரோச் லைட்டை மெஷினுக்குக் குறுக்கே அடியுங்கள். வெளிச்சக் கோட்டில் புகைபோல் ஏதாவது மிதந்துகொண்டு நின்றால் காற்றழுத்தமும் திரவமும் கூடிவிட்டன. அழுத்தத்தை 2 பாரிலிருந்து 1.5க்கு இறக்கிப் பாருங்கள். துளி பெரிதாகித் தகட்டிலேயே விழும், மூக்குக்கு வராது.

இந்தப் புகை விசயத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். மிதக்கும் நுண்துளி நேரே நுரையீரலுக்குப் போகிறது. கலவையில் கிருமி இருந்தால் அதுவும் சேர்ந்து போகும். அமெரிக்கத் தொழில்சுகாதார நிறுவனமான நியோஷ் 1998இல் பரிந்துரைத்த எல்லை, ஒரு கனமீற்றர் காற்றில் மொத்தம் 0.5 மில்லிகிராம். கண்ணுக்குத் தெரியும் புகை அதைத் தாண்டியது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. என்95 மாஸ்க் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அந்த 'என்' எழுத்துக்கே எண்ணெயைத் தாங்காது என்றுதான் பொருள். எண்ணெய்த் துளிக்கு 'பி' வகை வேண்டும், பி100 போன்றது. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் எனக்குக் கவலையில்லை. மேற்குக் கதவையும் கடல் பக்க யன்னலையும் திறந்துவிட்டால் எல்லாம் வெளியே போய்விடும். வாடைக் காலத்தில் மழைக்குக் கதவைச் சாத்த வேண்டியிருக்கும், அப்போது சுவரில் உள்ள எக்ஸோஸ்ற் விசிறி ஓடாமல் நான் மெஷினைப் போடுவதில்லை.

வெட்டும் அளவுகள்

மிஸ்ட் சரியாக இருந்தும் அளவு பிழைத்தால் ஒட்டும். 6061 ரக அலுமினியத் தகட்டுக்கு, ஒற்றைப் பல் 6 மில்லிமீற்றர் கார்பைட் கட்டர், நிமிடத்துக்கு 18,000 சுற்று, ஒரு பல்லுக்கு 0.04 மில்லிமீற்றர் சீவல். பெருக்கினால் நிமிடத்துக்கு 720 மில்லிமீற்றர் வேகம். ஆழம் 0.5இல் தொடங்கி, மெஷின் அதிராவிட்டால் 1 வரை போகலாம். பயத்தில் வேகத்தைக் குறைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பிழை. வேகம் குறைந்தால் பல் வெட்டாமல் தேய்க்கும், தேய்த்தால் சூடு. கையில் எடுத்துப் பார்த்தால் சீவல் துண்டு துண்டாக, அரிசிக் குறுணலைப்போல் இருக்க வேண்டும். மாவுபோல் இருந்தால் வேகம் போதாது.

டைட்டேனியம் அலுமினியம் நைட்ரைட் பூச்சுள்ள கறுப்புக் கட்டர் இரும்புக்கு நல்லது, இதற்கு ஆகாது. பூச்சே அலுமினியம் சேர்ந்தது, அலுமினியத்தோடு உறவு கொண்டாடும். பூச்சில்லாத பளபளப்புக் கட்டர் போதும். பழைய கதவுச் சட்டம், பானை போன்ற இளகிய அலுமினியத்தை வெட்டுவதைத் தவிருங்கள், மெழுகுபோல் இழுபடும். படகுச் சாமானுக்கு 5083 ரக அலுமினியம் கிடைத்தால் விடாதீர்கள். உப்புத் தண்ணீருக்கு நின்று பிடிக்கும்.

எம்டிஎப் பலகை ஈரம் பட்டால் ஊதும், ஊதினால் தகடு சமமாக இருக்காது. இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்துப் பார்த்தேன், திருகுத் துளை வழியாகத் தண்ணீர் போய் ஊதியது. கடைசியில் வெள்ளைப் பிளாஸ்டிக் இறைச்சி வெட்டும் பலகைகளைத் திருகிப் பூட்டினேன். அது போதும்.

மிஸ்ட்டைத் தானாக ஓடவும் நிற்கவும் வைக்கலாம். மெஷினை ஓட்டுவது ஜிஆர்பிஎல் மென்பொருள் உள்ள போர்டு என்றால், கூலண்டைத் திறக்கும் எம்8 கட்டளை ஏற்கெனவே ஏ3 பின்னில் வரும். மிஸ்ட்டுக்கென்றே உள்ள எம்7 கட்டளை வேண்டுமானால் 1.1 பதிப்பில் கொன்பிக் கோப்பில் அதைத் திறந்து மீண்டும் ஏற்ற வேண்டும், நான் அந்தச் சிரமம் எடுக்காமல் எம்8ஐயே பாவிக்கிறேன். அந்தப் பின்னிலிருந்து ஒரு ரிலே, ரிலேயிலிருந்து, காற்றை மின்சாரத்தால் திறந்து மூடும் 24 வோல்ட் சொலினொயிட் வால்வு. வால்வின் சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டயோட்டைத் தலைகீழாகப் போடுங்கள், இல்லாவிட்டால் வால்வு மூடும்போது திடீரென எழும் மின்னழுத்தம் போர்டைக் குழப்பி வேலையை நடுவில் நிறுத்தும். எம்9 வந்தால் காற்றும் சொட்டும் நிற்கும். திரவம் முனைவரை வர ஏழெட்டு விநாடி எடுக்கும், ஆகவே எம்8க்குப் பின்னால் பத்து விநாடி காத்திருப்பு எழுதிவிடுங்கள். காய்ந்த முனையோடு கட்டர் இறங்கக்கூடாது.

ஒட்டிப்போன கட்டரை எறிய வேண்டாம். கோஸ்டிக் சோடா கரைசலில் போட்டால் அலுமினியம் மட்டும் கரையும், கார்பைட் அப்படியே இருக்கும். வெளியில், காற்றோட்டத்தில், கண்ணாடியும் கையுறையும் போட்டுச் செய்யுங்கள். பொங்கி வருவது ஐதரசன் வாயு, பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ இருக்கக்கூடாது. நன்றாகக் கழுவி எடுத்தால் கூர் குறையாமல் திரும்பக் கிடைக்கும்.

வேலை முடிந்ததும் முதலில் சேலைன் கிளாம்பை மூடி, வெறும் காற்றை அரை நிமிடம் ஓட விடுங்கள். ரியூப்பில் தங்கியது வெளியே வரும், முனையும் அடைபடாது. அந்தக் காற்றாலேயே ரெயிலில் உள்ள சீவலை ஊதித் தள்ளி, உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு துளி மெஷின் ஒயில் தடவுங்கள். வெட்டிய துண்டை அன்றிரவே தண்ணீரில் கழுவித் துடைத்து வைக்க வேண்டும், ஒயில் கலவை காய்ந்தால் விரல் அடையாளம் போலக் கறை நிற்கும். கடைசியாகப் பின்பக்கம் போய்க் கொம்பிரசர் தாங்கியின் அடித் திருகைத் திறந்து, தண்ணீர் முழுக்கப் போய்க் காற்றுச் சத்தம் மட்டும் கேட்கும்வரை விட்டுவிட்டு மூடுங்கள்.